பச்சைப் புள்ளியாக மட்டும் தெரியும் என் கணவரைக் கண்டுபிடித்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
பு. இசைவாணி,
க/பெ. புகழேந்தி,
நாரணாபுரம், சிவகாசி வட்டம்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: சென்ற மாசி மாதம் வீட்டை விட்டுச் சென்ற என் கணவர் உயிரோடு இருப்பது இணையத்தின் மூலம் தெரியவந்துள்ளதால், அவர் இருக்குமிடத்தை அறிந்து தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் முன்பு நான் கொடுத்த மனுவும் அதற்கான ரசீதும்.

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு, வணக்கம்.

1. நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறேன். என் கணவர் புகழேந்தி விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலையில் லோடு அனுப்பும் பிரிவில் எழுத்தராக இருந்தார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

2. என் கணவருக்குப் பங்குச் சந்தையில் ஈடுபாடு உண்டு. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க்கு விற்கும் சிறிய கம்பெனிப் பங்குகளைச் சிறுகச் சிறுக வாங்குவார். சிவகாசியில் திரு. முகம்மது இஸ்மாயில் நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு வேலை முடிந்ததும் போய், தமிழில் சிறு முதலீட்டாளர்கள் கூடி எழுதும் ஓர் இணைய மன்றத்தில் தாமும் எழுதுவார். அங்கே அவர் வைத்துக்கொண்ட பெயர் 'மத்தாப்பு'. கம்பெனிகள் ஆங்கிலத்தில் வெளியிடும் அறிவிப்புகளை எளிய தமிழில் எழுதிப் போடுவார். திருப்பூரிலும் மஸ்கட்டிலும் இருந்தவர்கள்கூட அவரை மத்தாப்பு அண்ணன் என்று அழைத்தார்கள். ஆலையில் அவரை அப்படி மதித்துக் கூப்பிட யாரும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அன்று யார் என்ன கேட்டார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். எனக்குப் பாதி விளங்காது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

3. சென்ற ஆண்டு 'ஆடிட்டர்' என்ற பெயரில் ஒருவர் அந்த மன்றத்தில் சேர்ந்து என் கணவரோடு நெருங்கிப் பழகினார். ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் கிடைத்துள்ளதாகச் சில காகிதங்களை அனுப்பினார். என் கணவர் அவற்றை உண்மை என்று நம்பித் தமிழில் எழுதிப் போட்டார். அதைப் படித்துப் பலர் வாங்கினார்கள். எங்கள் சேமிப்பும் அதில்தான் போனது. ஆலையில் உடன் வேலை பார்த்த திருமதி. கருப்பம்மாள், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததை அதில் போட்டார். பங்கு சில வாரங்கள் ஏறியது. பிறகு தை மாதம் சந்தையே சரிந்தபோது, இதை விற்கப் போனால் வாங்க ஆளே இல்லை. காகிதங்கள் பொய் என்று பின்னால் தெரிந்தது. ஆடிட்டர் என்பவர் அதன் பிறகு மன்றத்துப் பக்கம் வரவில்லை.

4. என் கணவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். ஆலைக்குப் போவதை நிறுத்தினார். ஒரு நாள் காலை, "மதுரைக்குப் போயி ஒரு ஆளப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லி பஸ் ஏறினார். நான் வாசலில் கோலத்தை முடிக்காமல் இருந்ததால் நிமிர்ந்து சரியாகப் பார்க்கவில்லை. அதன் பின் அவர் கைபேசி வேலை செய்யவில்லை.

5. மறுநாள் கருப்பம்மாள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்து நின்றேன். அவர் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, "ஏத்தா, புகழு எங்கிட்ட வாங்குன்னு சொல்லவே இல்ல. ஏறுதுன்னு கேள்விப்பட்டு நாமளாத்தான் போயி விழுந்தோம். அவனப் பேசாம வேலைக்கு வரச் சொல்லு. அங்கன அம்புட்டுப் பேரும் அவனத்தான் கேக்காக" என்றார். அய்யா, இந்தச் சொல் ஒரு நாள் முந்தி வந்திருந்தால் நான் இன்று இந்த மனுவை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

6. காவல் நிலையத்தில் முறையாக விசாரித்தார்கள். மதுரையில் இருந்த உறவினர் வீடுகளுக்கு நானும் அலைந்தேன். பயன் இல்லை. இந்நிலையில் சித்திரை மாதத்தில் திரு. முகம்மது இஸ்மாயில் ஆள் அனுப்பி என்னை வரவழைத்து, கம்ப்யூட்டரைக் காட்டினார். "தங்கச்சி, இங்கன பாருங்க. மாப்ள பேரு பக்கத்துல பச்சையா எரியுது. இப்ப எங்கனயோ உக்காந்து இதத்தான் படிச்சிக்கிட்டு இருக்காக" என்றார். மன்றத்துக்குள் யார் இருந்தாலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும் என்று விளக்கினார். நான் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார்.

7. அன்று முதல் வேலை விட்டதும் அங்கே போகிறேன். தமிழில் தட்டச்சு செய்ய அவரே சொல்லிக்கொடுத்தார். காசு வாங்குவதில்லை. முதன்முதலில் என் கணவருக்கு, "சாப்பிட்டீகளா" என்று மட்டும் எழுதினேன். எழுத்துகளைத் தேடித் தேடி அடித்து முடிப்பதற்குள் புள்ளி அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு பலமுறை எழுதியிருக்கிறேன். கருப்பம்மாள் சொன்னதையும் எழுதினேன். அவர் அதையெல்லாம் திறந்து படித்தாரா என்பது தெரியவில்லை. பதில் இல்லை. ஆனால் பச்சைப் புள்ளி தெரியும் நாட்களில் அது அணைகிற வரை எழுந்து வர எனக்குக் கால் வருவதில்லை.

8. ஆனி மாதத்தில் ஒரு முறை மட்டும் அவர் எழுதினார். எனக்கு அல்ல. ஓய்வு பெற்ற ஒருவர், கைக்கு வந்த பணத்தை ஐம்பது பைசாப் பங்கில் போடலாமா என்று மன்றத்தில் கேட்டிருந்தார். அதற்கு என் கணவர், "விலை குறைவு என்பதால் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள் ஐயா. விற்கிற அன்று வாங்க ஆள் இருக்குமா என்று முதலில் பாருங்கள். வீட்டம்மாவைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்" என்று எழுதினார். அந்தக் கடைசி வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல முடியாது.

9. மன்றத்தை நடத்துபவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். அவருக்கு எழுதிக் கேட்டதில், என் கணவர் எந்த ஊரிலிருந்து மன்றத்தைப் பார்க்கிறார் என்பதைக் கண்டறிய வழியுள்ளது என்றும், காவல்துறை எழுத்து மூலமாகக் கேட்டால்தான் தர இயலும் என்றும் மரியாதையாகப் பதில் அனுப்பினார். அவர் சொல்வது நியாயம்தான். அதனால்தான் தங்களிடம் வந்திருக்கிறேன்.

10. ஆவணியில் கருப்பம்மாள் மகளுக்குக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பணம் போனதை மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துக்கொண்டார்கள். பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் என் கணவர் பெயரையும் கேட்டுப் போட்டார்கள். எங்கள் அச்சகத்தில்தான் அடித்தது. அதை மடித்தவள் நான்.

ஆகவே, மன்றத்தை நடத்துபவருக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் அனுப்பி விவரம் பெற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 'ஆடிட்டர்' என்பவர் மீதான புகாரைத் தனியே இணைத்துள்ளேன். அதை மெதுவாக விசாரித்தாலும் போதும். என் கணவர் மீது யாரும் புகார் கொடுக்கவில்லை என்பதை அவரைப் பார்க்கும் காவலர் முதலில் சொல்லிவிட வேண்டும். சீருடையில்லாமல் போனால் நல்லது. அவர் சட்டென்று பயந்துவிடுவார். அவரை வற்புறுத்தி அழைத்துவர வேண்டாம். வர மனமில்லை என்று சொன்னாரானால், அந்த ஊரின் பெயரை மட்டும் எனக்குத் தெரிவியுங்கள். பைண்டிங் வேலை எந்த ஊரிலும் கிடைக்கும். நான் அங்கே போய்விடுகிறேன்.

இடம்: நாரணாபுரம்
நாள்: 15.09.2008

இப்படிக்கு,
தங்கள் உதவியை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) பு. இசைவாணி

இணைப்பு: கணவர் புகைப்படம், மன்ற உரிமையாளர் அனுப்பிய பதிலின் நகல், முந்தைய மனு ரசீதின் நகல், 'ஆடிட்டர்' மீதான புகார்.