தம்பியின் பல் பிளேட்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம், அவ்வளவுதான். தம்பியை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு நீ திரும்பிய பிறகு நடந்ததைப் போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

பல் டாக்டரிடமிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. தம்பியின் நம்பர் அணைந்தே கிடக்கிறதாம். பல்லில் கட்டியிருந்த கிளிப்பைக் கழற்றிய அன்றைக்கு அச்சு எடுத்தார்களே, பல் பழையபடி விலகாமல் இருக்க மாட்டிக்கொள்ளும் பிளேட், அது தயாராம். ஊருக்கெல்லாம் சொல்லி அழுத நமக்குப் பல் டாக்டரிடம் சொல்லத் தோன்றவே இல்லை பார். நேரில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அப்பா கிளம்பினார். அவரைத்தான் தெரியுமே, பஸ்ஸில் காலை மிதித்தவனிடம்கூட வாய் திறக்காதவர். டாக்டரம்மா பார்த்ததுமே, "இத்தனை நாள் போடாம விட்டா பல்லு திரும்பக் கோணிக்கும், பட்ட பாடெல்லாம் வீணாயிடும், அடுத்த மாசம் அவரையே வரச் சொல்லுங்க" என்று கடிந்துகொண்டாராம். இவர் சரிங்க சரிங்க என்று தலையாட்டி, எப்படிக் கழுவுவது என்பதையும் கேட்டுக்கொண்டு டப்பாவோடு வந்துவிட்டார்.

இப்போது தினமும் தான் பல் தேய்த்ததும் அதையும் கழுவி வைக்கிறார். யாருக்குங்க இது என்று சத்தம் போட்டேன். "சுடுதண்ணி பட்டா வளைஞ்சிடுமாம், பச்சத்தண்ணிதான்" என்கிறார். கடித்துத் தின்ன முடியாமல் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்த பிள்ளை, சிரிக்கும்போது கையால் வாயை மூடுவதை விட்டு நாலு நாள்கூட இருக்கவில்லையே. நீ முயல் என்று கூப்பிட்டதை நினைத்து மருகாதே, கண்ணாடியைப் பார்த்துவிட்டு "அக்கா இனிமே என்னை என்னன்னு கூப்பிடுவா" என்று சிரித்தான்.

நானே சொல்லிவிடலாம் என்று நேற்று பல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், "அம்மாவா, தம்பி எப்படி இருக்காரு?" என்றாள். நல்லா இருக்கான்மா என்று சொல்லிவிட்டேன். வாய் தவறிச் சொல்லவில்லை கண்ணு, சொல்ல அவ்வளவு ஆசையாக இருந்தது.

நீதான் அவர்களிடம் சொல்ல வேண்டும். டாக்டரம்மா தம்பியை வரச் சொன்ன தேதிக்கு அப்பா லீவு கேட்டு வைத்திருக்கிறார், அதற்குள் சொல்லிவிடு, மறக்காதே. அந்தப் பெண் சின்னப் பெண், பக்குவமாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. நீயாவது நூறாயுசு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உனக்கும் தம்பிக்கும் அம்மா.