கல்லூரிக்குக் கார்டியனாக வந்த மாமாவுக்கு

என் அன்பு மாமா,

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. பொழிச்சலூரில் எல்லாம் அப்படியே இருக்கிறது என்று எழுத ஆசைதான். ஆனால் நம் வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் மூன்று மாடி எழும்பிவிட்டது. உங்கள் மணல், ஜல்லிக் கடையை உங்கள் அண்ணன் மகன் சம்பத் பார்த்துக்கொள்கிறான். லாரிக்காரர்களிடம் சத்தம் போட அவனுக்குத் தெரியவில்லை. அதனால் எல்லாரும் அவனை நல்லவன் என்கிறார்கள். விமானங்கள் மட்டும் முன்போலவே மொட்டை மாடியை உரசுகிற மாதிரி இறங்குகின்றன.

இன்னொரு செய்தி. என் கம்பெனி என்னை அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் பழைய கம்ப்யூட்டர்களுக்குத் தேதி குழம்பிவிடும். அதைச் சரிசெய்ய ஆறு மாதம். உங்கள் மகள் வசந்தி இப்போதே ஊறுகாய் போட ஆரம்பித்துவிட்டாள். உங்கள் பேத்தி கொண்டுவரச் சொல்லும் பொருட்களுக்குத் தனியாக ஒரு கப்பல் பிடிக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் உங்களிடம் ஒன்று பேச வேண்டும். ஒரே வீட்டில் அத்தனை வருஷம் இருந்தும் நாம் பேசியது மிகக் குறைவு. வசந்திதான் நம் இருவருக்கும் தபால்காரி. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, “அவர சாப்ட சொல்லும்மா” என்று அவளிடம் சொல்வீர்கள். நானும் சளைத்தவன் இல்லை. “மாமாவை முதலில் உட்காரச் சொல்” என்பேன்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. தாம்பரம் விமானப்படையில் சார்ஜென்ட்டாக இருந்த என்னை நீங்களே தேடி வந்து பெண் கொடுத்தீர்கள். அப்பா அம்மா இல்லாதவன், மீசையும் பென்ஷனும் உள்ளவன் என்பது உங்களுக்குப் பிடித்திருந்தது. பதினைந்து வருஷ சர்வீஸ் முடிந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு நான் வெளியே வந்தபோது, ஒரே பெண் தனியாக ஏன் இருக்க வேண்டும் என்று நம் வீட்டிலேயே மேல் அறையைக் கொடுத்தீர்கள். முன்னாள் ராணுவத்தினருக்கான இடத்தில் எனக்கு பேங்க் வேலை கிடைத்துவிடும் என்று டீக்கடை வரைக்கும் சொல்லிவைத்தீர்கள். தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வந்ததும் நீங்கள்தான். நானும் எழுதிவிட்டு வந்தேன்.

எழுதிவிட்டு வந்தவன், எம்.சி.ஏ. படிக்கப் போகிறேன் என்றேன். கம்ப்யூட்டர் படிப்பு, மூன்று வருஷம், காலையில் போய் மாலையில் வர வேண்டும் என்றேன். நீங்கள் என்னைத் திட்டவில்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனீர்கள். அன்றிலிருந்துதான் வசந்திக்குத் தபால் வேலை.

எனக்கு ஏன் அந்தப் படிப்பு மேல் அவ்வளவு வெறி என்று உங்களுக்கு நான் விளக்கவே இல்லை. சர்வீஸின் கடைசியில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, நான்கு வரி எழுதச் சொன்னார்கள். நான் எழுதியதை அது அப்படியே செய்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு படையில் சேர்ந்து, அன்று வரை அடுத்தவர் உத்தரவுக்கு விறைத்து நின்றவன் மாமா நான். என் உத்தரவைக் கேட்க உலகத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தபால் வழியில் பட்டம் ஏற்கெனவே வாங்கியிருந்தேன். மிச்சத்தையும் படித்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கல்லூரியில் முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள், ஆசிரியர் என்று நினைத்து. நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. அது எனக்கு வலிக்கவில்லை. பையன்கள் அண்ணா என்றார்கள். ஒருத்தி மட்டும் அங்கிள் என்றாள், மன்னித்துவிட்டேன். வலித்தது வேறு. ஒரு நாள் பம்மல் பஸ் நிறுத்தத்தில் யாரோ உங்களிடம், “மாப்ள எங்க வேல செய்றாரு?” என்று கேட்டார்கள். நான் உங்கள் பின்னால் நிற்பது தெரியாமல், “தாம்பரம் பக்கம்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினீர்கள்.

வீட்டோடு மாப்பிள்ளை, அதிலும் புத்தகம் தூக்கும் மாப்பிள்ளை. உங்களுக்கு அது எவ்வளவு தலைகுனிவு என்று எனக்குப் புரியாமல் இல்லை.

இரண்டாம் வருஷம் பேங்கிலிருந்து உத்தரவு வந்தது. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். நீங்கள் அதைச் சாமி மாடத்தில் வைத்தீர்கள். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, வசந்தி மூலமாகக்கூட. அப்போது அவள் மாசமாக இருந்தாள். எனக்குக் கணக்குப் பாடத்தில் அரியர் வேறு. வகுப்பில் பசங்கள் ஒரு தடவை கேட்டுப் புரிந்துகொள்வதை நான் மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது. போதும், ஆசைப்பட்டதே பெரிது, பேங்குக்கே போய்விடலாம் என்று பாதி மனது சாய்ந்துவிட்டது.

அந்த வாரத்தில்தான் அந்தக் கூத்து. கம்ப்யூட்டர் கூடத்தில் வேலை செய்ய ஆளுக்கொரு பிளாப்பி தருவார்கள். எழுதிய புரோகிராமையெல்லாம் அதில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பார்வைக்குச் சதுரமான கறுப்பு அட்டை. வயதில் மூத்தவன் என்று அவற்றைக் கொடுத்து வாங்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார்கள். அன்று மாலை எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது.

விமானக் கொட்டகையில் ஒரு ஸ்பேனர் குறைந்தால் என்ன செய்வோம் தெரியுமா? கதவை மூடிவிடுவோம். அது கிடைக்கும் வரை விமானமும் எழும்பாது, மனிதனும் வெளியே போக முடியாது. என்ஜினுக்குள் கிடந்தால் மேலே போன உயிர் திரும்பாது. இத்தனை வருஷப் பழக்கம் என் கையை விடுமா? கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் நகரக் கூடாது என்றேன். உள்ளே எங்கள் விரிவுரையாளர் அம்மாவும் இருந்தார்.

ஒரு மணி நேரம். பஸ்ஸைத் தவறவிட்ட பெண்கள் அழுதார்கள். ஜன்னல் வழியே ஒருவன் பியூனைக் கூப்பிட்டான். கடைசியில் அந்தப் பிளாப்பி துறை அலுவலகத்தில் இருந்தது. மதியமே உதவியாளர் எடுத்துப் போயிருக்கிறார்.

துறைத் தலைவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். “பேரண்ட் யாரையாவது கூட்டிட்டு வாங்க” என்றார். எனக்கு அப்பா இல்லை என்றேன். அப்படியானால் கார்டியன், விதி விதிதான் என்றார். ரோஷத்தில், எனக்கு பேங்க் வேலை தயாராக இருக்கிறது, நானே போய்விடுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். அதற்கும் கார்டியன் வந்து சொல்லட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல் வசந்தியிடம் சொல்லி அனுப்பினேன். கூடத்திலிருந்து உங்கள் குரல் கேட்டது. என்ன திருடினார் என்று கேட்டீர்கள். திருடவில்லை, எல்லாரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாராம் என்றாள். மறுநாள் காலையில், கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற சலவை வேட்டியும் வாட்சுமாக வாசலில் நின்றீர்கள்.

துறைத் தலைவர் எல்லாவற்றையும் சொன்னார். இது காலேஜ், பட்டாளம் இல்லை என்றார். “பேங்க்ல வேலை வந்திருக்காமே சார். பேசாம கூட்டிட்டுப் போயிடுங்க, அவருக்கும் நல்லது.” நீங்கள் எதிர்பார்த்திருந்த வார்த்தை அது. ஒரு தலையசைப்பு போதும், ஊரில் உங்கள் தலை நிமிர்ந்திருக்கும். நானும் மறுத்திருக்க மாட்டேன்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். “ஏன் பூட்டினீங்க?” எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் முகம் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. நான் ஸ்பேனர் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவரிடம் சொன்னீர்கள்:

“தப்புதான் சார். பொம்பளப் பசங்க வூட்டுக்குப் போவ வேணாமா? நான் மன்னிப்பு கேட்டுக்கறேன். பத்து நாள் வெளிய நிக்க வெய்யுங்க, நிப்பாரு. வூட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க.”

“அப்ப பேங்க் வேலை?”

“பேங்க் வேல நான் கேட்டது சார். படிப்பு அவரு கேட்டது.”

அந்த அம்மாவிடமும் வகுப்பிலும் நான் மன்னிப்புக் கேட்டதோடு விஷயம் முடிந்தது. திரும்பும்போது பல்லாவரத்தில் பஸ்ஸிலிருந்து என்னை இறக்கி, “நாஷ்டா துன்னலாம் வாங்க” என்று ஓட்டலுக்கு அழைத்துப் போய், பள்ளிக்கூடப் பையனுக்கு வாங்கித் தருவது மாதிரி நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தீர்கள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். கோபமாக இருக்க வேண்டிய முகத்தில் கோபம் இல்லை. மாதக் கடைசி வந்தது, போனது. சாமி மாடத்தில் இருந்த உத்தரவைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஏன் அப்படிச் செய்தீர்கள் மாமா? என் மேல் இரக்கமா? வெளியார் முன்னால் வீட்டு மானம் போகக் கூடாது என்றா? படித்து முடித்தேன், அரியரோடு சேர்த்து. அடையாறில் ஒரு வீட்டு மாடியில் நடந்த சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதச் சேர்ந்தேன். இப்போது இருப்பது பெரிய கம்பெனி. இங்கேயும் வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் திறந்ததையெல்லாம் மூடியாகிவிட்டதா என்று எண்ணிப் பார்ப்பேன். பையன்கள் முதுகுக்குப் பின்னால் சார்ஜென்ட் என்கிறார்கள். “மாப்ள கம்ப்யூட்டர்ல கீறாரு” என்று நீங்கள் டீக்கடையில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன், ஏதோ நான் அந்தப் பெட்டிக்குள்ளேயே குடியிருப்பது மாதிரி. இவ்வளவும் நடந்தது. ஆனாலும் அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்காமலே உங்களை அனுப்பிவிட்டேன்.

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று நான் வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு அன்று வேறு என்ன வேலை? பங்காளிகள் கூடிப் பேசி, பிள்ளை இல்லாத வீடு, அண்ணன் மகன் சம்பத்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். முறை அதுதான். எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அத்தை எழுந்து வாசலுக்கு வந்தார். அவ்வளவு ஆண்கள் நடுவில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

“புள்ள இல்லன்னு யாரு சொன்னது? அன்னிக்கு காலேஜிலேர்ந்து வந்தவரு செருப்பக்கூட கயட்டாம நேரா அடுப்பங்கரைக்கு வந்தாரு. ‘உம்புள்ள தப்பு பண்ணிட்டான்னு என்னக் கூப்ட்டு வுட்டாங்கடி, நான் போயி மன்னிப்பு கேட்டுகினு வர்றேன்’னு சொல்லி, அப்டி ஒரு சிரிப்பு. கல்யாணமான நாளா நான் பாக்காத சிரிப்பு. எனக்குக் கொள்ளி வெக்க இனிமே ஆள் தேடாதன்னு அன்னிக்கே சொல்லிட்டாரு.”

சம்பத்தான் என்னைக் கைப்பிடித்து நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து அழைத்து வந்தான்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது மாமா. ஊரில் மற்ற அப்பன்மார்கள் தலையில் அடித்துக்கொண்டு போகிற காரியத்துக்கு நீங்கள் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தீர்கள். வாழ்நாளில் ஒரு பள்ளிக்கூடமும் உங்களை அப்படிக் கூப்பிட்டு அனுப்பியதில்லை. பட்டாள மீசையை எடுத்துவிட்டுக் குடத்தைத் தோளில் வைத்தபோது வாய்விட்டு அழுதேன். என் அப்பா போனபோதுகூட அழத் தெரியாத வயது எனக்கு.

போன வாரம் மேனேஜரிடம், வருஷத் திதி முடிந்த பிறகுதான் விமானம் ஏறுவேன் என்று சொன்னேன். இளைஞர், வேலை அவசரம் என்று முகம் சுளித்தார். யாருக்குத் திதி, அப்பாவுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பயணத் தேதியை அவரே தள்ளிப் போட்டார்.

இந்த வருஷம் மட்டும் இல்லை. கம்பெனி என்னை எந்தத் தேசத்துக்கு அனுப்பினாலும், உங்கள் திதியன்று பொழிச்சலூரில் இருப்பேன். அத்தையைத் தனியாக விட மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. இதைச் சொல்ல வசந்தியைத் தூது அனுப்பவில்லை, நானே சொல்கிறேன்.

என்றும்,
காலேஜில் தப்புப் பண்ணி மாட்டிக்கொண்ட உங்கள் பிள்ளை,
தனசேகர்