இடது பையில் ஒரு பொத்தான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவும் நானும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, தையல் மெஷின் பெல்ட் அறுந்துபோய்ப் புதிது மாட்டியாயிற்று, மாடி வீட்டுக்காரர் ஒருவழியாகக் குழாயைச் சரிசெய்துவிட்டார், இனி நம் குளியலறைச் சுவர் அழாது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் கடிதம். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை பேசிவிடுவாய். அப்பாவுக்கு முதுகுவலி, லீவில் இருக்கிறார் என்று அம்மா சொன்னாளே, அது பொய். என் முதுகுக்கு ஒரு குறையும் இல்லை. விசாரணை முடியும்வரை பஸ்ஸைத் தொடக் கூடாது என்று டிப்போவில் என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. அடுத்த மாதம் மூன்று நாள் தனியாகக் கடலோரப் பாதைகளில் நடக்கப் போகிறேன், எல்லா இடத்துக்கும் பஸ் இருக்கிறது அப்பா என்று எழுதியிருந்தாயே, அதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

என் ரூட்டை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். கலங்கரை விளக்கம் ஸ்டாப்பில் காலையில் நடக்கிறவர்கள் இறங்குவார்கள், பாறைகளைச் சுற்றி நாலு மணி நேரமோ ஐந்து மணி நேரமோ நடந்து, இடையில் கடலோரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் கடைசி ஸ்டாப்பில் மேலேறி வந்து ஆறு பத்து பஸ்ஸைப் பிடிப்பார்கள். அதை விட்டால் மறுநாள் காலை வரை வேறு பஸ் கிடையாது, பாதையில் பாதி தூரத்துக்கு போனில் சிக்னலும் கிடையாது. அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன், உனக்குக்கூடச் சொன்னதில்லை. அம்மாவின் பொத்தான் டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போவேன். காலையில் பையும் கம்புமாக இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான் சட்டையின் இடது பைக்குள் போகும், சாயங்காலம் அவர் ஏறினால் அது வலது பைக்கு மாறும். இடது பை காலியானால்தான் வண்டியை எடுப்பேன். டிப்போவில் எல்லோரும் கேலி செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும். இப்படி நான் பொத்தான் போட்டு எண்ணியவர்களில் ஒருவர் குடைக்காரர். நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, ஒரே மகள், அவளும் உன்னைப்போல எங்கோ தூரத்தில். வெயிலோ மழையோ, கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு வாரம் இரண்டு நாள் வருவார். இறங்கும்போது குடையின் பிடியை நெற்றியில் வைத்து எனக்கு ஒரு சலாம் போடுவார். ஆறு வருஷமாக.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், காலையில் இறங்கிய ஒரு ஜோடிக்குப் போட்ட இரண்டு பொத்தான் இடது பையில் மிச்சமிருந்தது. பதினெட்டு நிமிஷம் காத்து நின்றேன். அந்த ஜோடி பாதி வழியிலேயே யாரோ நண்பர் காரில் ஏறி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். பஸ்ஸில் இருந்த ஒரு நர்ஸ் அம்மாவுக்கு டியூட்டி தவறிப்போய் அவர் புகார் எழுதினார், அவர் மேல் தப்பில்லை. டைம் கீப்பர் பத்துப் பேர் முன்னால் என்னைப் பார்த்து, "நீங்க பஸ் ஓட்டுறீங்களா, இல்ல ஆடு மேய்க்கிறீங்களா" என்று கேட்டு மெமோவைக் கையில் கொடுத்தார். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் முதல் மெமோ, ரிடையர் ஆகப்போகிற நேரத்தில். எனக்கு எப்படிப்பட்ட கோபம் வரும் என்று உனக்குத் தெரியும். சத்தம் போட மாட்டேன், உள்ளே வைத்துக் குமைவேன். சரி, இனி மணி அடித்தால் வண்டி போகும், எவன் வந்தால் என்ன வராவிட்டால் என்ன என்று வீம்பு பிடித்துக்கொண்டது. ஆனால் பொத்தான் போடுகிற கை மட்டும் நிற்கவில்லை, பழகிய கை.

அடுத்த வாரமே அது நடந்தது. காலையில் ஏழு பேர் இறங்கினார்கள், சாயங்காலம் ஆறு பேர் ஏறினார்கள். என் கண்டக்டரை உனக்குத் தெரியும், நாள் முழுக்கச் சேர்த்தால் இருபது வார்த்தை பேசாத மனுஷன், அவர்கூட "அண்ணே, குடைக்காரர் இன்னும் வரலையே" என்றார். "ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் நானா காவல், மணி ஆச்சு, விசில் அடிங்க" என்று சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன் கண்ணு. ஹாரன்கூட அடிக்கவில்லை. டிப்போவுக்கு வந்த பிறகாவது ஒருவர் கீழே நின்றுவிட்டார் என்று யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவரும் ஏதாவது காரில் போயிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலையில் சட்டையைத் துவைக்க எடுத்த அம்மா, இடது பையிலிருந்து ஒரு கறுப்புப் பொத்தானை எடுத்து வந்து என் முன்னால் நீட்டி, "யாரை விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். மாற்றிப்போட மறந்திருப்பேன் என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினேன். மத்தியானம் அவரைக் கண்டெடுத்தார்கள். இரண்டாவது வளைவில் மழைக்குச் சரிந்திருந்த கல்லில் கால் வைத்து விழுந்து தொடை எலும்பு முறிந்திருக்கிறது. விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். பக்கத்தில் குடை விரித்து வைத்திருந்ததாம்.

பஸ் சரியாக ஆறு பத்துக்குக் கிளம்பியது என்று பதிவில் இருந்தது, டிரைவர் மேல் எந்தத் தவறும் இல்லை என்று முடித்துவிட்டார்கள். டைம் கீப்பர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். மூன்றாம் நாள் குடைக்காரருடைய மகள் வந்து இறங்கினாள். உன் வயதுதான் இருக்கும். பஸ்ஸில் என் பின்னால் வந்து நின்று, "எங்க அப்பா உங்க பஸ்லதான் போனாங்களாம், அன்னைக்கு ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள். தினம் எத்தனையோ பேர் ஏறி இறங்குகிறார்கள், ஞாபகம் இல்லையம்மா என்று வாய் கூசாமல் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அம்மாவிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பொத்தானை மெஷின் மேஜையின் ஓரத்தில் வைத்தாள், அதன்பிறகு அதை அவளும் தொடவில்லை, நானும் தொடவில்லை. துணி தைக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் அவள் கை போனது.

இரண்டு வாரம் இப்படி ஓடியது. அப்போதுதான் நீ அந்தப் படத்தை அனுப்பினாய். மலையும் கடலும் பின்னால் தெரிய, ஒரு பஸ் ஸ்டாப்பில் தோளில் பையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாய், கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன் அப்பா என்று கீழே எழுதியிருந்தாய். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மறுநாள் பொத்தானை எடுத்துக்கொண்டு குடைக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மகள் அப்பாவின் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், கண்டக்டர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சேர்த்து. "எத்தனை நிமிஷம் நின்னீங்க?" என்றாள். நிற்கவே இல்லையம்மா என்றேன். பெட்டியை மூடி வைத்துவிட்டு, அப்பா விழுந்த இடத்தைக் காட்டுங்கள் என்றாள். முப்பத்தோரு வருஷம் ஊரையே அந்தப் பாதையில் கொண்டுபோய் இறக்கிவிட்டவன், அன்றைக்குத்தான் முதல்முறையாக அதில் கால் வைத்தேன். கடைசி ஸ்டாப்பிலிருந்து எதிர்த்திசையில் இறங்கினோம். மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன், அவள் நாலடி முன்னால் காத்து நின்றாள். அந்த வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால், கண்ணு, மேலே ஸ்டாப் தெரிகிறது. நாங்கள் நிற்கும்போதே ஒரு பஸ் வந்தது, நின்றது, கதவைச் சாத்திக்கொண்டு போனது. அவ்வளவும் அங்கிருந்து தெரிகிறது. குடையை ஏன் விரித்து வைத்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் குடை கண்ணில் பட்டிருக்குமோ என்னவோ, நான் திரும்பவே இல்லை. அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "தனியா நடக்காதீங்கன்னு போன்ல சண்டை போடுவேன். எங்க டிரைவர் பொத்தான் வச்சு எண்ணுறாரும்மா, ஒருத்தரையும் விட்டுட்டுப் போகமாட்டாருன்னு அப்பா சொல்லுவாங்க. அதை நம்பித்தான் நானும் பேசாம இருந்தேன்." நான் உடைந்து அழுதேன். பொத்தானை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை, "அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். மன்னித்துச் சொன்னாளா சபித்துச் சொன்னாளா, எனக்கு இன்னும் தெரியாது. எதுவானாலும் அது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

அவர் விழுந்த அன்று ஒருவர் குறைகிறார் என்று தெரிந்தேதான் வண்டியை எடுத்தேன் என்று அடுத்த நாள் காலையில் டிப்போவுக்கு எழுதிக் கொடுத்தேன். எதற்கு வீண் வேலை, முடிந்துபோன விஷயம் என்று எல்லோரும் சொன்னார்கள், இருந்தாலும் கொடுத்தேன். என்ன முடிவு வந்தாலும் ஏற்றுக்கொள்வேன், நீ அதற்காக வருத்தப்படாதே, லீவு போட்டுவிட்டு ஓடியும் வராதே. போன ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் வந்து உட்கார்ந்து, காபி குடித்து முடித்து, கிளம்பும்போது அம்மாவிடம் ஒரு பிடி பொத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

உன்னை நடக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொன்னாலும் நீ கேட்கவா போகிறாய். பிடிமானம் உள்ள செருப்பாகப் போடு, மழை பெய்த மறுநாள் போகாதே, கடல் ஏறுகிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு இறங்கு, கடைசி பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்தின பஸ்ஸுக்கு வந்து சேர். இறங்கும்போது டிரைவரின் முகத்தைப் பார்த்து, சாயங்காலம் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு இறங்கு. அவர் எண்ணுகிற ஆளா இல்லையா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் இறங்கியதும் எனக்கு ஒரு வரி அனுப்பு, ஏறியதும் ஒரு வரி அனுப்பு, இங்கே எந்த நேரமாக இருந்தாலும் சரி. அம்மா டப்பாவைக் கவிழ்த்துத் தேடி, உன் பள்ளிக்கூடச் சட்டையில் மிஞ்சிய நீலப் பொத்தானை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நீ இறங்கியதும் அது என் இடது பைக்குப் போகும். நீ பஸ்ஸில் ஏறிவிட்டாய் என்று வரும்வரை நான் சட்டையைக் கழற்றமாட்டேன்.

நீ நடக்கிற வழியெல்லாம் உனக்குக் காவலாக இருக்கட்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். மறக்காதே, இரண்டு வரி.

இப்படிக்கு,
உன் வரவுக்காகக் காத்து நிற்கும்
அப்பா