விசில் வராத குக்கர்

டப்ளின், சனிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு, தோத்திரம். முழங்கால் வலி தேவலையா? ராஜபாளையத்தில் மழை உண்டா?

இங்கே நான் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு மசித்த உருளைக்கிழங்குதான் தொண்டையில் இறங்கும். நேற்று கரண்ட் குக்கரில் கிழங்கை வைத்தேன். “மூணு விசில் வந்த பொறவு எறக்கு, ஏட்டி” என்று நீ சொல்வாயே, அப்படியே காத்திருந்தேன். மணி ஒன்றாகியும் ஒரு விசில்கூட வரவில்லை. பெரியவர் பசியில் மேசையைத் தட்டினார். அவர் மகள் வருகிற நேரம்; என் வேலை அந்தம்மா கையில். பதறிப்போய் மூடிமேல் இருந்த குமிழை வெறுங்கையால் திருப்பினேன், ஆவி சீறியது. இந்தக் குக்கர் விசிலே அடிக்காதாம், பெரியவர்தான் சொன்னார். கிழங்கு எப்போதோ குழைந்திருந்தது. வெண்ணெய் போட்டு மசித்தேன், வழித்துச் சாப்பிட்டார்.

நீ பருப்பு வைக்கும்போது போன் போடு. பேச வேண்டாம், விசில் மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவர் கூப்பிடுகிறார். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று கவலைப்படாதே, இடது கையால் எழுதிப் பழகுகிறேன்.

உன் இவாஞ்சலின்