மூணு கிலோ போதும்

உன் பையின் தோள்வாரில் நீ தேய்த்துக்கொள்ளும் தைல வாசனை இன்னும் இருக்கிறது. நேற்று முழுக்க மொட்டைமாடி வெயிலில் போட்டேன், போகவில்லை. உன் மனைவி அதைக் கொடுக்கும்போது, "வேற யாருக்குக் குடுக்கிறது? நீங்கதானே அவர்கூட நடந்தீங்க" என்றார். நடந்தேன், உண்மைதான். எதற்காக நடந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

ஒரே கல்லூரி, ஒரே துறை. துறைத்தலைவர் பதவிக்கு நான்தான் மூத்தவன். நிர்வாகக் கூட்டத்தில் என்னைப் பற்றி, "அவருக்குப் பொறுப்பைத் தாங்குற மனசு கிடையாது" என்று நீ சொன்னாய். கூட்டத்தில் இருந்த ஒருவரே வந்து என்னிடம் சொன்னார். அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்தாய். பல ஆண்டுகள் நாம் பேசவில்லை.

பிறகு சர்க்கரைக்காக நான் காலையில் நடக்கத் தொடங்கியபோது, மந்தைவெளியில் முதுகில் பையோடு எதிரே வந்தாய்.

"இன்னாடா, ஸ்கூலுக்குப் போறியா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"ஆமா, ஒண்ணாங் கிளாஸ். உள்ளே அரிசிடா. சும்மா நடக்கிறதைவிட எடையோட நடந்தா உடம்பை நல்லா வேலை வாங்கும். நீயும் வா."

வந்தேன். அபிராமபுரத்திலிருந்து பட்டினப்பாக்கம் கடற்கரை வரை தினமும் உன் பக்கத்தில் நடந்தால், என்றாவது ஒருநாள் அந்தக் கூட்டத்தைப் பற்றி நீயாக வாய் திறப்பாய் என்று காத்திருந்தேன். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நீ சொன்னதோ வேறு. "மூணு கிலோ போதும்டா. அதுக்கு மேல உன்னால தாங்க முடியாது."

அன்று பொறுப்பு, இன்று அரிசியுமா? வீட்டுக்கு வந்ததும் கிரைண்டரின் குழவிக்கல்லைக் கழற்றிப் பையில் போட்டேன். மாவுக்கு ஊறவைத்த அரிசி அப்படியே கிடந்தது. மறுநாள் அந்தக் கல் பையின் அடியில் இறங்கி, ஒவ்வொரு அடிக்கும் இடுப்பில் இடித்தது. வாரைத் தளர்த்தி முன்னால் குனிந்து நடந்தேன். மந்தைவெளி பஸ் நிலையம் அருகே குனிந்தவன் நிமிரவில்லை.

நீ பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கடைப் படியில் உட்கார்ந்து சிரித்தாய். "பீச்சுல சட்னி அரைக்கலாம்னு எடுத்துட்டு வந்தியா?" ஆட்டோவில் வீடு வரை அந்தக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நீதான். அதையும் நான் மறைக்கவில்லை.

தசைப்பிடிப்புதான் என்றார் மருத்துவர். வலி முழுதும் விட்ட பிறகே தொடங்கலாம் என்றார். மறுபடி நடக்க வந்தபோது நீயே என் பையைக் கட்டினாய். அரிசிப் பொட்டலங்கள் குலுங்காமல் பழைய துண்டில் இறுக்கிச் சுற்றி, தோள்பட்டைகளுக்கு நடுவே உயரத்தில் வைத்தாய். பை முதுகோடு ஒட்டும்படி வாரை இழுத்தாய். "நிமிர்ந்து நட. அடியைச் சின்னதா வை. ஒருநாள் விட்டு ஒருநாள் தூக்கினா போதும். எடையைக் கூட்டுற வாரம் தூரத்தைக் கூட்டாதே. முட்டி வலிச்சாலோ கை மரத்துப்போனாலோ அங்கேயே இறக்கி வை. ரோஷம் பார்க்காதே."

எல்லாம் சொன்னாய். நான் காத்திருந்ததை மட்டும் சொல்லவில்லை. நானே கேட்டுவிடுவது என்று முடிவுசெய்திருந்த வாரத்தில், தூக்கத்திலேயே போய்விட்டாய்.

போன ஞாயிறு, மாடி வீட்டு வக்கீல் சட்டப் புத்தகங்களைத் திணித்த பையோடு படியிறங்கி வந்தார். நானும் உங்ககூட வரட்டுமா என்றார். பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மூணு கிலோ போதும் சார். அதுக்கு மேல உங்களால தாங்க முடியாது" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருடைய இடுப்பை நினைத்துச் சொன்னேன், அவ்வளவுதான்.

அப்படியானால் அன்று நீயும் அரிசியைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறாய். ஒப்புக்கொள்கிறேன். கூட்டத்தில் பேசியது வேறு. அதற்குப் பதில் சொல்லாமலே போனாய். அதை நான் விடுவதாக இல்லை.

வக்கீலை நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் பையை நான்தான் கட்ட வேண்டும். என் பீரோவிலிருந்து பழைய துண்டு ஒன்றை எடுத்து வைத்தேன். உன் பையில் இருந்த துண்டை அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை.