எங்கள் தெருவுக்கு எப்போது கொசு வரும்?

12-2-2023

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே நான் சுகம், என் கொசுக்களும் சுகம். அங்கே நீங்களும் அண்ணனும் மாப்பிள்ளையும் என் மகள் பாப்பாவும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், யார் சொன்னதும் யாருக்கும் கேட்பதில்லை, அதனால் முக்கியமான விஷயத்தை எழுதித் தெரிவித்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகள் உத்தரவு போட்டுவிட்டார்கள். கல்யாணத்தன்று நாம் போட்ட சண்டையை அவர்கள் இன்னும் மறக்கவில்லை போல. சரி, எழுதுகிறேன். விஷயம் பெரியது.

எங்கள் ஆய்வகத்தில் இத்தனை வருடமாக வளர்த்த கொசுவை வெளியே விட அனுமதி வந்துவிட்டது! இயக்குநர் வந்து சொன்னபோது நான் வளர்ப்பு அறையில் கூண்டு துடைத்துக்கொண்டிருந்தேன். கையில் துணியோடு அப்படியே குதித்தேன். என் முழங்காலுக்கு அது பிடிக்கவில்லை.

இந்தக் கொசுக்களின் உடம்புக்குள் ஒரு நுண்ணுயிர் இருக்கிறது. பழத்தில் மொய்க்கிற ஈ மாதிரி எத்தனையோ பூச்சிகளுக்குள் இயல்பாகவே இருப்பதுதான். நம்மை ஒன்றும் செய்யாது. அது உள்ளே இருந்தால் டெங்கு வைரஸ் அந்தக் கொசுவுக்குள் பெருகத் திணறும். இவை வெளியே போய் அங்கிருக்கிற கொசுக்களோடு சேர்ந்து முட்டையிட்டால், பிறக்கிறவையும் இதே மாதிரி பிறக்கும். சில மாதத்தில் அந்தத் தெருவில் பறப்பதில் பெரும்பாலானவை டெங்கு பரப்ப முடியாத கொசுக்களாகிவிடும்.

உங்கள் வட்டாரமும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர்கள் சம்மதித்தால்தான் சேர்ப்பார்கள். தெருச் சங்கத்துக்கு நீங்கள்தான் செயலாளர். உங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வராத ஆளே அங்கே கிடையாது. நீங்கள் வாய் திறந்தால் காரியம் நடக்கும்.

பாப்பாவுக்குக் காலேஜில் படிக்கும்போது டெங்கு வந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டாம் தடவை வந்தால் ஆபத்து அதிகம். எனக்கு அந்தப் பயமும் உண்டு. உங்களிடம் மறைப்பானேன்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

20-2-2023

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

உங்க கடிதத்த முதல்ல கண்ணாடி இல்லாம படிச்சேன். தப்பாப் படிக்கிறோம்னு நினைச்சுக் கண்ணாடி போட்டுப் படிச்சேன். அப்பவும் கொசுவ விடப் போறோம்னுதான் எழுதியிருக்கு!

ஏங்க, இங்க இருக்கிற கொசு பத்தலையா? போன வருஷம் பூரா புகை அடிங்க, புகை அடிங்கன்னு நகராட்சி ஆபீஸுக்கு நடந்து என் செருப்பு தேஞ்சுது. இப்ப அதே வாயால, "எல்லாரும் வழி விடுங்க, கொசு வருது"ன்னு நான் சொல்லணுமா? தெருவுல எனக்கு மிச்சமிருக்கிற மரியாதையும் போயிடும்.

இவர்கிட்ட சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டிருந்தவருக்குப் புரையேறிடுச்சு. "கல்யாணத்தன்னிக்கு நீ பேசின பேச்சுக்கு அந்தம்மா இப்பக் கணக்கு தீக்கறாங்க"ன்னு ஒரே சிரிப்பு. பையன் வாயே திறக்கல, விவரமான பையன். உங்க பொண்ணு மட்டும், "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும் அத்தை"ன்னு வக்காலத்து வாங்கறா.

உங்க பயம் எனக்குப் புரியுது. அவ என் வீட்ல இருக்கா, எனக்கும் அந்தப் பயம் உண்டு. அதுக்காகத்தான் சொல்றேன், கொசு வேண்டாம். ஒண்ணு கேக்கறேன், அந்தக் கொசு கடிக்குமா கடிக்காதா? அதப் பத்தி நீங்க ஒரு வரிகூட எழுதல, கவனிச்சேன்.

தப்பா எடுத்துக்காதீங்க.

இப்படிக்கு,
சம்பந்தி

27-2-2023

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கடிக்கும். எழுதாமல் விட்டது என் தந்திரம்தான், பிடித்துவிட்டீர்கள்.

கடிதத்தில் வாதாடி உங்களை ஜெயிக்க முடியாது. ஒரு நாள் கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு இங்கே வாருங்கள். நான் வேலை செய்கிற அறையைப் பாருங்கள். பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். மத்தியானச் சாப்பாடு என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

25-3-2023

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

ஜெயிச்சாச்சு! முதல்ல அதச் சொல்லிடறேன், அப்புறம் கதை.

உங்க ஆய்வகத்துலேருந்து வந்த நாளா எனக்கு ஒரே காட்சிதான் கண்ணு முன்னாடி. நீங்க பேசிக்கிட்டே சட்டைக் கைய மடக்கி, அந்த வலைக் கூண்டுக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டீங்க. கறுப்புப் புள்ளியா வந்து உக்காருது. நீங்க பாட்டுக்கு என்கிட்ட, "பஸ் வசதியா கிடைச்சுதா?"ன்னு கேக்கறீங்க! இதுங்களுக்கு ரத்தம் குடுத்தாத்தான் முட்டை வைக்கும், அதனால நாங்க முறை வெச்சு கைய விடறோம்னு சொன்னீங்க. வீட்டுக்கு வந்து இவர்கிட்ட, "இனிமே அந்தம்மாவோட சண்டை போடறதுக்கு முன்னாடி யோசிக்கணும்"னு சொன்னேன்.

நேத்து சங்கக் கட்டட மாடில கூட்டம். நாற்காலி பத்தாம ஜன்னல் திண்டுல எல்லாம் ஆளுங்க. ஆய்வகத்துலேருந்து நீங்க அனுப்பின பொண்ணு நல்லாத்தான் விளக்கினா. ஆனா டைலர் எழுந்தார். துணி வெட்டற மாதிரி குறுக்கே வெட்டிப் பேசுவார் அவர்.

"செயலாளரம்மா, இது உங்க சம்பந்தி வீட்டுக் கொசுதானே? உங்களுக்கு நம்பிக்கை இருந்தா நீங்க கைய விடுங்க பாப்போம்."

கூட்டம் அப்படியே என்னைப் பாக்குது. அந்தப் பொண்ணு கூண்டு கொண்டு வந்திருந்தா, சும்மா காட்டறதுக்கு. அவ தயங்கறதுக்குள்ள நான் வளையலக் கழட்டி இவர் கைல குடுத்துட்டு, கைய உள்ள விட்டேன்.

உண்மையச் சொல்லவா? கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். முதல் கடி விழுந்தப்ப உங்கள மனசுக்குள்ள திட்டினேன். அப்புறம் கண்ணத் திறந்து, உங்கள மாதிரியே, "டைலர், என் ஜாக்கெட் என்னிக்குத் தருவீங்க?"ன்னு கேட்டேன். மாடி இடிஞ்சு விழற மாதிரி சிரிப்பு. அந்த மனுஷன் வாங்கி வெச்சு மாசக்கணக்காச்சு.

மெக்கானிக் ஒருத்தர் மட்டும் கடைசி வரைக்கும் சம்மதிக்கல. மத்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. கை இன்னும் அரிக்குது. எந்தத் தெருவுக்குக் கொசுன்னு குலுக்கல்ல முடிவு பண்ணுவாங்கன்னு சொன்னாளே அந்தப் பொண்ணு, அதுக்கு நானே போறேன்.

அன்புடன்,
கொசுக்கடி பட்ட உங்க சம்பந்தி

2-4-2023

சம்பந்தியம்மாவுக்கு,

வெள்ளைப் பந்து! எங்களுக்கு வெள்ளைப் பந்து விழுந்துடுச்சு!

நீலம் வந்தா கொசு, வெள்ளை வந்தா கிடையாது. எல்லார் கண்ணு முன்னாடியும் பானைய நல்லா ஆட்டித்தான் எடுத்தாங்க, அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆனா கைகூட விடாம கையெழுத்துப் போட்டவங்களுக்கு நீலமாம், எனக்கு வெள்ளையாம். நீங்க ஏன் வரலன்னு பாத்தா, சொந்தக்காரங்க தெரு இருக்கிறதால உங்கள உள்ளயே விடலையாமே.

தெருவுல தலை காட்ட முடியல. "எங்க கொசு?"ன்னு பால்காரர்கூட கேக்கறார். வேண்டாம் வேண்டாம்னு சொன்னவங்களக் கெஞ்சி சம்மதிக்க வெச்சது நான்.

இப்ப நேரா கேக்கறேன். ஒரே ஒரு கொசு முட்டை டப்பா. பைல வெச்சு, பொண்ணப் பாக்க வர்ற மாதிரி வாங்க. மாடிப்படிக்குக் கீழ வெச்சுடுவோம். யாருக்கும் தெரியாது. எனக்காக வேண்டாம், அவளுக்காக.

சம்பந்தி

9-4-2023

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வளர்ப்பு அறைக்குப் போனேன். டப்பாக்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. ஒன்றை எடுத்துப் பையில் போட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. எடுத்தேன்கூட. மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

கொசு விட்ட தெருவில் காய்ச்சல் குறைந்தது என்று மட்டும் நாங்கள் சொன்னால், "இந்த வருடம் மழை குறைவு, அதனால்தான்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். அதே மழை பெய்து, கொசு விடாத தெருவும் இருந்தால்தான் வித்தியாசம் தெரியும். உங்கள் தெருவில் நான் கலப்படம் செய்தால், இந்த முயற்சியில் இருக்கிற எல்லாத் தெருவின் உழைப்பும் வீண். இது பலிக்கிறது என்று நிரூபணமானால் எத்தனையோ ஊருக்குப் போகும். என் மகளுக்காக அதைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை.

நீங்கள் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தாலும் சரி. அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

14-11-2023

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

ஏப்ரலில் எழுதியதற்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. நீங்கள் நலம் என்று பாப்பா சொல்லித் தெரிந்துகொள்கிறேன்.

கோபமாக இருந்தாலும் இந்தச் செய்தியை உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது. கொசு விட்ட தெருக்களில் பொறி வைத்துப் பிடித்துப் பார்த்தோம். பிடிபட்டவற்றில் பெரும்பாலானவை எங்களுடையவை! நாங்கள் விடுவதை நிறுத்திய பிறகும் தாங்களாகவே பெருகிக்கொண்டிருக்கின்றன. நுண்ணோக்கியை விட்டு எழ மனமே வரவில்லை.

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

18-11-2024

சம்பந்தியம்மாவுக்கு,

ஒண்ணரை வருஷம் கழிச்சு எழுதறேன்.

மருமக நல்லாயிருக்கா. நேத்து மாடிக்குத் தானே ஏறிப் போனா. பசிக்குதுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. முகத்துல பழைய களை வந்துடுச்சு.

ஆஸ்பத்திரி பெஞ்சுல நாம பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தோம். இந்த டெங்குல அவளுக்கு ரத்தத் தட்டணு குறைஞ்சுக்கிட்டே போன நாள்லகூட நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல. நீங்க தண்ணி பாட்டிலை நீட்டினீங்க, நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். அந்த ஒரு டப்பாவக் குடுத்திருந்தா என் மருமக இப்படிக் கிடப்பாளான்னு மனசு கொதிச்சுது.

அப்பத்தான் உங்க ஆய்வுக்காக ரத்தம் எடுக்க நர்ஸ் வந்தாங்க. நீங்க சட்டுனு எழுந்து வெளிய போனீங்க. தப்பிச்சு ஓடறாங்கன்னு நினைச்சு, நல்லா நாலு கேள்வி கேக்கணும்னுதான் பின்னாலயே வந்தேன். படிக்கட்டுல உக்காந்து, சத்தம் வெளிய வராம இருக்க முந்தானைய வாயில வெச்சு அழுதுக்கிட்டிருந்தீங்க. நான் நின்னது உங்களுக்குத் தெரியாது.

உங்க பக்கத்துல உக்காரத் தைரியம் வரல. உள்ள போய் அவ கையப் பிடிச்சுக்கிட்டு நர்ஸ்கிட்ட சொன்னேன்: "எடுங்கம்மா. எங்க தெருப் பேரச் சரியா எழுதிக்கோங்க. விட்டுடாதீங்க."

இத நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. அதான் எழுதறேன். அந்த டப்பாவ நீங்க திரும்ப வெச்சது சரி. எனக்கு இன்னும் கோவம் இருக்கு, ஆனா சரி.

உங்க உடம்பப் பாத்துக்கோங்க. ரொம்ப இளைச்சுட்டீங்க.

சம்பந்தி

3-3-2025

என் அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பலித்துவிட்டது! பலித்துவிட்டது!

இன்று காலை எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து முடிவைத் திரையில் காட்டினார்கள். கொசு விடாத தெருக்களில் நான்கு பேருக்கு டெங்கு வந்திருந்தால், விட்ட தெருக்களில் ஒருவருக்குத்தான் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் அதைவிடவும் குறைவு. இயக்குநரே மேஜையைத் தட்டினார் பாருங்கள், கண்ணாடி டம்ளர் உருண்டு விழுந்து உடைந்தது. யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கூட்டிப் பெருக்குகிற அக்கா வரைக்கும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

எனக்கு அந்தத் திரையில் உங்கள் தெருதான் தெரிந்தது. உங்கள் தெருவில் காய்ச்சலில் படுத்த ஒவ்வொருவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். பாப்பாவும் இருக்கிறாள். கொசு கிடைத்தவர்கள் பாதி நிரூபித்தார்கள், கிடைக்காமல் காத்திருந்த நீங்கள் மீதியை நிரூபித்தீர்கள். உங்கள் போன கடிதத்துக்கு இத்தனை நாளாக எப்படிப் பதில் எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன். இதுதான் பதில்.

இன்னொன்று. விடாத வட்டாரங்கள் அத்தனைக்கும் விட உத்தரவாகிவிட்டது. முதல் வட்டாரம் உங்களுடையது. நான் கை வைக்கவில்லை, பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது!

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

10-3-2025

அன்புள்ள அண்ணிக்கு,

இனிமே இப்படித்தான் கூப்பிடுவேன், நீங்களும் என்னை அப்படியே கூப்பிடுங்க. சம்பந்தியம்மான்னு எழுதி எழுதி ஏதோ கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கு.

உங்க கடிதத்தக் கடைலயே வெச்சுப் படிச்சேன். படிச்சுட்டு மெஷின்ல போட்டு வீட்டுக்கு ஒண்ணுன்னு பிரதி எடுத்துட்டேன், உங்கள ஒரு வார்த்தை கேக்காம. நீங்க "பலித்துவிட்டது"ன்னு ரெண்டு தடவ எழுதின இடத்த டைலர் நிறுத்தி நிறுத்தி சத்தமா வாசிச்சார். கையெழுத்தே போடாத மெக்கானிக் வந்து, "எங்க வீட்டுக்கும் ஒரு டப்பா உண்டுல்ல?"ன்னு முனகறார். "கேட்டுச் சொல்றேன்"னு கொஞ்சம் தவிக்க விட்டேன்.

மருமக கொசு டப்பா மாத்தற குழுவுல பேர் குடுத்துட்டா. "உனக்கு எதுக்கும்மா அலைச்சல்?"னு கேட்டேன். "அத்தை, என்னை விட இதுல யாருக்குப் பாத்தியதை?"ன்னு கேக்கறா. நானும் பேர் குடுத்துட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்கூட்டர். அவ ஓட்டறா, நான் பின்னால டப்பாவ மடில வெச்சுக்கிட்டு உக்காரப் போறேன்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலைல வண்டி வருதுன்னு தகவல் சொன்னாங்க. அதுல நீங்களும் வரணும். வேலை இருக்கு, அந்தப் பொண்ண அனுப்பறேன்னு எல்லாம் சாக்கு சொல்லக்கூடாது. வந்தா ஒரு வாரம் இருக்கணும். மாடி ரூமக் கழுவிக் கட்டில் போட்டாச்சு. அன்னிக்குப் பெஞ்சுல உக்காந்து பேசாம விட்டதெல்லாம் பேசணும்.

தெருமுனைல நிப்பேன். சீக்கிரம் வாங்க.

உங்க அண்ணி