பதினோரு நாள் அடிக்காத போன்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும். சிக்னல் திரும்பி வந்த அன்று நன்றாக இருக்கிறோம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன், குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாய். போனில் சொல்ல மனசு வரவில்லை, அதனால்தான் இந்தக் காகிதம், பொறுமையாகப் படி.

குடிதண்ணீரில் சாயக் கழிவு கலக்கிறதென்று ஜனங்கள் அதிகாரி அலுவலக வாசலில் உட்கார்ந்ததைப் படம் பிடித்து யாரோ அனுப்பப்போக, வதந்தி பரவுகிறது என்று சொல்லி ஊர் முழுக்க செல்போனை நிறுத்திவிட்டார்கள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இருபத்திரண்டு வருஷமாக ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறேன், ஒரு ஷிஃப்டுக்கு நூறு அழைப்பு வரும், தண்ணீர் குடிக்க நேரமிருக்காது. அந்தப் பதினோரு நாளில் மொத்தமே பதினாலு, அதுவும் கடைகளில் மிச்சமிருக்கிற லேண்ட்லைனிலிருந்து. டிரைவர்கள் கழுவின வண்டியையே திரும்பத் திரும்பக் கழுவினார்கள்.

நான்காம் நாள் காலையில், கடைகள் திறக்கும் முன்பே, நம் கீழ்வீட்டு டெய்லர் பெண்டாட்டிக்கு எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. டெய்லர் இங்கே நம்பரை அழுத்து அழுத்தென்று அழுத்துகிறார், நான் அங்கே அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெருவில் ஆட்டோவும் ஓடவில்லை. கடைசியில் துணிப்பொதி ஏற்றுகிற தள்ளுவண்டியில் அவளைப் படுக்கவைத்து அப்பாவும் அவருமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் பிழைத்தாள், குழந்தை தங்கவில்லை. "அக்கா, நீங்க அங்கதானே இருந்தீங்க" என்று மட்டும் டெய்லர் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சிக்னல் வந்த மறுநாள் சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார். பதினோரு நாளும் புகார் ஏதும் வரவில்லை, யாருக்கும் பாதிப்பில்லை என்று டைப் அடித்திருந்தது. "எல்லாரும் போட்டாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி" என்றார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர், அவரைச் சொல்லி என்ன. புகார் சொல்ல வழியே இல்லை, அதனால் வரவில்லை, என் வீட்டுக்குக் கீழேயே ஒரு குழந்தை போய்விட்டது என்று கையால் எழுதி அதன்கீழ் கையெழுத்துப் போட்டேன். தைரியமெல்லாம் இல்லைப்பா, அலுத்துப்போய்விட்டது. "ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு, உனக்கெதுக்கு இது" என்று அப்பா ஆரம்பித்தார், பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். வண்டி தள்ளின கொப்புளம் இன்னும் ஆறவில்லை. இன்று காலை ஹெட்போனை வாங்கிக்கொண்டு என்னை ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். பஞ்சும் கட்டுத்துணியும் அடுக்குகிற வேலை.

படித்ததும் இதைப் பத்திரிகையில் எழுதட்டுமா என்று கேட்பாய், உன்னைத் தெரியாதா. வேண்டாமென்று சொல்லத்தான் நினைத்தேன், பிறகு அது நம்முடைய துக்கம் மட்டும் இல்லையே என்று கீழே போய்க் கேட்டேன். டெய்லர், "எழுதட்டும், என் பேரையும் போடட்டும்" என்றார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அவள் திரும்பாமலே, "அதுக்குப் பேரே வைக்கலையேக்கா, யாருன்னு எழுதுவாங்க" என்றாள். அதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது, எங்களுக்காகப் பயப்படாதே.

இரண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மாத்திரையை மறக்காதே.

உன் அம்மா